ஊதா மூடியா, பச்சை மூடியா? ரத்த நோய்களில் நொதியை அளக்கும் விதம்

ரத்த வெள்ளையணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை அளக்கும் என்.ஏ.பி. ஸ்கோரை ஊதா மூடிக் குழாயில் வந்த ரத்தத்தில் போடக் கூடாது. குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர், ஆற்காடு என்று வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ரத்தம் சேகரித்து அனுப்புகிற சிறிய லேப்கள் இந்த ஒன்றைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம். பரிசோதனை வீணானால்கூட மறுபடி செய்துகொள்ளலாம். இங்கே அது வீணாவதில்லை, தப்பான விடையைத் தருகிறது. அந்த விடை ரத்தப் புற்றுநோய் இருப்பதுபோலவும் காட்டும்.

காரணம் எளிது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் ரத்தம் உறைவதில்லை. ஆனால் அது கால்சியத்தோடு நிற்பதில்லை. துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இந்த இரண்டும் இல்லாமல் வேலை செய்யாது. அதே ஊதா மூடிக் குழாய், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஜி6பிடி என்ற நொதியைப் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமானது. ஒரு நொதிக்கு ஆகிற குழாய் இன்னொன்றுக்கு ஆகாது என்பதிலிருந்துதான் இந்தப் பரிசோதனைகளைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின் போன்றவற்றில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். நொதியை அப்படிப் பார்ப்பது அரிது. பெரும்பாலும் அதற்குத் தீனி (அது மாற்றுகிற வேதிப்பொருள்) போட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு தின்று தீர்க்கிறது என்றுதான் கணக்கெடுக்கிறோம். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் தீனியை மாற்றினால் ஒரு யூனிட். ஆகவே எண் குறைந்து வந்தால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்: நொதியே குறைவு, இருக்கிற நொதி நோஞ்சான், அல்லது குழாயிலோ வழியிலோ நாமே அதைக் கொன்றுவிட்டோம். மூன்றாவது இல்லை என்று உறுதியான பிறகே முதல் இரண்டைப் பற்றிப் பேச முடியும்.

நூறு செல்களை எண்ணும் வேலை

என்.ஏ.பி. என்பது நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் அல்கலைன் பாஸ்படேஸ். கல்லீரல் பரிசோதனையில் வருகிற அல்கலைன் பாஸ்படேஸ் சீரத்தில் அளப்பது, இது செல்லுக்குள்ளேயே சாயமேற்றிக் கண்ணால் பார்ப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விரல் நுனியில் குத்தி நேரடியாக ஸ்லைடில் இழுப்பது உத்தமம். நரம்பிலிருந்து எடுத்தால் ஹெப்பாரின் இருக்கும் பச்சை மூடிக் குழாய் வேண்டும், அரை மணி நேரத்துக்குள் ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிய ரத்தப் பூச்சு) இழுத்துவிட வேண்டும். காற்றில் உலர்ந்ததும், மெத்தனாலில் 10 சதவீத ஃபார்மலின் கலந்து ஃபிரிட்ஜில் வைத்த கரைசலில் 30 விநாடி முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, மறுபடி உலர விட வேண்டும். அந்தக் கரைசல் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். மே மாதத்து வேலூரில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், மேசை மேல் வைத்த கரைசலில் முக்கினால் நொதி பாதி அங்கேயே போய்விடும். பிறகு நாஃப்தால் பாஸ்பேட் தீனியும் நீலச் சாயமும் சேர்ந்த, பி.எச். 9-க்கு மேல் உள்ள காரக் கரைசல். இதை அன்றன்று கலக்கி வடிகட்டி உடனே ஊற்ற வேண்டும். நொதி எங்கே இருக்கிறதோ அங்கே தீனி உடையும். உடைந்த துண்டு சாயத்தோடு ஒட்டி நீலப் பொடியாகப் படியும். கடைசியில் உட்கருவுக்கு நியூட்ரல் ரெட் சிவப்பு.

இப்போது மைக்ராஸ்கோப்பில் ஆயில் லென்ஸ் வைத்து நூறு நியூட்ரோஃபில்களைப் பார்க்க வேண்டும். நீலமே இல்லாத செல்லுக்கு 0, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடி இருந்தால் 1, பரவலாக இருந்தால் 2, நெருக்கமாக இருந்தால் 3, உட்கருவே தெரியாமல் நீலம் அடைத்திருந்தால் 4. லிம்ஃபோசைட், ஈசினோஃபில் கணக்கில் சேராது. உதாரணமாக 46 செல்லுக்கு 0, 28 செல்லுக்கு 1, 16 செல்லுக்கு 2, 8 செல்லுக்கு 3, 2 செல்லுக்கு 4 என்று வந்தால்: 28 + 32 + 24 + 8 = 92. சாதாரண அளவு லேபுக்கு லேப் மாறும், ஏறத்தாழ 40-லிருந்து 100 வரை என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 0-லிருந்து 400 வரை போகலாம். 1-க்கும் 2-க்கும் எல்லை போடுவதில் கண்ணுக்குக் கண் வித்தியாசம் வரும், அதனால் இரண்டு பேர் தனித்தனியே எண்ணிச் சராசரி எடுப்பதே நேர்மையான வழி. ஒவ்வொரு முறையும் கூடவே, விடை முன்பே தெரிந்த ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு ஓட வேண்டும். எட்டாவது ஒன்பதாவது மாத கர்ப்பிணியின் ஸ்மியர் இதற்கு நன்றாக உதவும், அந்தக் காலத்தில் இந்த நொதி இயல்பாகவே ஏறியிருக்கும். கன்ட்ரோல் வெளுத்திருந்தால் நோயாளியின் ஸ்லைடைத் திறந்தே பார்க்க வேண்டாம்.

இதனால் என்ன பயன்? வெள்ளையணு 60,000, 80,000 என்று ஏறி ஒருவர் வருகிறார். கடும் கிருமித் தொற்றிலும் இப்படி ஏறும், நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயிலும் ஏறும். தொற்றில் உடல் ஜி-சி.எஸ்.எஃப். என்ற தூண்டியை ஏராளமாகச் சுரக்கிறது, அந்தத் தூண்டுதலில் நியூட்ரோஃபில் இந்த நொதியை நிறையத் தயாரிக்கும், ஸ்கோர் 200-ஐத் தாண்டிப் போகும். லுகேமியாவில் மஜ்ஜை தானாகவே உற்பத்தியை அவிழ்த்துவிடுகிறது. தூண்டி குறைவு, செல் நிறைய, நொதி வெறுமை. ஸ்கோர் 10, 15 என்று விழும்.

ஆனால் அதே லுகேமியா நோயாளிக்கு நிமோனியா வந்தாலோ, அவர் கர்ப்பிணியாக இருந்தாலோ ஸ்கோர் சாதாரண அளவுக்கு ஏறிவிடும். ஆகவே ‘ஸ்கோர் நார்மல், லுகேமியா இல்லை’ என்று எழுதுவது பிழை. இந்த லுகேமியாவின் அடையாளமான பிலடெல்ஃபியா குரோமோசோம் 1960-இல் கண்டறியப்பட்டது. அதன் விளைவான பி.சி.ஆர்-ஏ.பி.எல். மரபணுவைக் குறிவைக்கும் இமாடினிப் என்ற மருந்து 2001-இல் வந்தது. இன்று நோயை உறுதி செய்வதும் மருந்தைத் தீர்மானிப்பதும் அந்த மரபணுப் பரிசோதனைதான். என்.ஏ.பி. ஸ்கோர் அன்று மாலையே, குறைந்த செலவில், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டும். அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றக் கூடாது.

ஸ்கோர் குறைவாக வரும் இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும்: பி.என்.எச்., அதாவது காலையில் சிறுநீர் கறுத்துப் போகும் நோய். இந்த நொதி செல்லின் மேல்தோலில் ஒரு சிறு கொழுப்பு நங்கூரத்தால் கட்டப்பட்டிருக்கிறது. பி.என்.எச்.சில் அந்த நங்கூரமே தயாராவதில்லை, நொதி கட்ட இடமில்லாமல் போகிறது. இதையும் இன்று, லேசர் ஒளியில் செல்களை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில்தான் உறுதி செய்கிறார்கள்.

ஜி6பிடி: எப்போது பார்க்கிறோம் என்பதே விடை

வட ஆற்காட்டுக்கு இந்த நொதி அந்நியமல்ல. தொழுநோய் அதிகம் இருந்த பகுதி இது, காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. தொழுநோய்க் கூட்டு மருந்தில் பெரியவர்களுக்கு தினம் 100 மில்லிகிராம் டாப்சோன் உண்டு. ஜி6பிடி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும் மருந்துகளில் டாப்சோன் முக்கியமானது. மலேரியாவுக்குத் தரும் பிரிமாகுவின் இன்னொன்று, இந்தக் குறைபாடே 1956-இல் பிரிமாகுவினால் ரத்தம் உடைவதை ஆராய்ந்தபோதுதான் தெரிய வந்தது. மூன்றாவது ரஸ்புரிகேஸ். லுகேமியா, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) சிகிச்சை தொடங்கும்போது யூரிக் அமிலம் மளமளவென்று ஏறாமல் இருக்கக் கொடுப்பது. ரத்தப் புற்றுநோய்க்காக வருகிறவருக்கு ஏன் ஜி6பிடி பார்க்கிறார்கள் என்று குடும்பத்தார் கேட்பதுண்டு, விடை இந்த ஊசிதான்.

இந்த நொதி சிவப்பணுவுக்குள் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருளைத் தயாரிக்கிறது, அது ஆக்சிஜனின் அரிப்பிலிருந்து செல்லைக் காக்கும் கவசம். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாக நொதி செய்துகொள்ள வழியில்லை. பிறக்கும்போது கொண்டுவந்த முதலை வைத்து சுமார் 120 நாள் பிழைக்க வேண்டும். குறைபாடு உள்ளவரிடம் இளம் செல்லில் ஓரளவு நொதி இருக்கும், கிழட்டுச் செல்லில் ஏறக்குறைய இருக்காது. மருந்தோ காய்ச்சலோ வந்து தாக்கும்போது கிழட்டுச் செல்கள் முதலில் உடைகின்றன. மஜ்ஜை அவசர அவசரமாக இளம் செல்களை அனுப்புகிறது. அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் மிஞ்சியிருப்பது இளசுகள் மட்டும், ஜி6பிடி நார்மல் என்று வரும்!

இந்தப் பரிசோதனையில் நடக்கிற பெரிய ஏமாற்றம் இதுதான். காமாலை கண்டு, சிறுநீர் கறுத்து, ஹீமோகுளோபின் 5-க்கு விழுந்து படுத்திருக்கும் பையனுக்கு அந்த வாரமே பார்த்து ‘குறைபாடு இல்லை’ என்று எழுதி அனுப்பினால், அவன் அதே மாத்திரையை மறுபடி விழுங்குவான். ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கையையும் கூடவே பார்த்து, அது ஏறியிருந்தால், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான், ஏற்றிய ரத்தம் யாருடையதோ அவருடைய ஜி6பிடியைத்தான் அளப்போம். காத்திருக்க முடியாது என்றால் அம்மாவின் ரத்தத்தைப் பார்க்கலாம், மரபணுப் பரிசோதனையும் செய்யலாம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைக்குக் குறை தாய்வழியே வருகிறது. ஒரு எக்ஸில் மட்டும் குறை உள்ள பெண்களில் நல்ல செல்லும் குறையுள்ள செல்லும் கலந்திருக்கும். அவர்களுடைய அளவு பெரும்பாலும் சாதாரணத்தில் 30 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்கும், சாதாரண ஸ்கிரீனிங் அவர்களில் பலரைத் தவற விடும்.

எல்லா லேபிலும் செய்யக்கூடியது ஃப்ளூரசென்ட் ஸ்பாட் டெஸ்ட். 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் தயார் கரைசலில் கலந்து, கலந்த உடனும் 5, 10 நிமிடத்திலும் வடிதாளில் ஒவ்வொரு சொட்டு வைத்து, உலர்ந்த பின் இருட்டில் நீண்ட அலை புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். நல்ல ரத்தம் நீலமாக ஒளிரும், குறைபாடுள்ளது கறுப்பாகவே இருக்கும். சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போன குறைபாட்டைத்தான் இது நம்பிக்கையாகப் பிடிக்கும். அறை வெயிலில் கொதித்தால் எதிர்வினையும் வேகமாக ஓடும், நல்ல ரத்தம், குறையுள்ள ரத்தம் என்ற கன்ட்ரோல் இரண்டும் பக்கத்தில் இல்லாமல் நேரத்தை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாது. ரத்தசோகை கடுமையாக இருந்தால் அதே 10 மைக்ரோலிட்டரில் செல்லே கொஞ்சம்தான், நல்ல நொதி இருந்தும் மங்கலாகத் தெரியும்.

அதனால் எண்ணாக அளக்கும் முறையில் விடையை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று சொல்கிறார்கள். என்.ஏ.டி.பி.எச். 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், அந்த உறிஞ்சல் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதே அளவு. 30 டிகிரியில் ஓட்டிய விடையையும் 37 டிகிரியில் ஓட்டியதையும் ஒப்பிட முடியாது, ரிப்போர்ட்டில் வெப்பநிலை இருக்க வேண்டும். வெள்ளையணு மிக அதிகமுள்ள லுகேமியா நோயாளியிடம் வெள்ளையணுவின் ஜி6பிடியும் கணக்கில் சேர்ந்துவிடும், மேலே படியும் வெள்ளைப் படலத்தை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சிவப்பணுவின் இன்னொரு நொதியான பைருவேட் கைனேஸில் இது இன்னும் மோசம். ஒரு வெள்ளையணுவில் சிவப்பணுவைப்போல் சுமார் 300 மடங்கு அந்த நொதி உண்டு, சரியாக வடிகட்டாமல் செய்த பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை.

குறைபாடு உறுதியானவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை: விலக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை எழுதிப் பையில் வைத்துக்கொள்வது, பீரோவிலிருந்து பாச்சை உருண்டையை எடுத்துவிடுவது. பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் துணி போடுவது நம் வழக்கம். அந்தப் புடவை பாச்சை உருண்டையோடு பெட்டியில் இருந்ததானால், நாஃப்தலின் குழந்தையின் தோல் வழியே போய் ரத்தத்தை உடைக்கும், காமாலை மூளைவரை ஏறலாம். வெறுமனே துவைத்தால் போதாது, வேறு துணி போடுங்கள். கைக்குழந்தைக்கு மருதாணியும் வேண்டாம். உணவில் விலக்கச் சொல்வது ஃபாவா பீன்ஸ். நம் அவரையும் மொச்சையும் வேறு செடி, அவற்றைப் பயந்து விலக்க வேண்டியதில்லை. மொழிபெயர்த்த துண்டறிக்கைகள் இதை அடிக்கடி ‘அவரை’ என்று எழுதிப் பல குடும்பங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்துகின்றன.

எல்.டி.எச்.: உடைந்தது உடம்பிலா, ஊசியிலா

எல்.டி.எச். எல்லாச் செல்லிலும் இருக்கும் நொதி. செல் செத்தால் வெளியே கொட்டும். சிவப்பணுவுக்குள் இது சீரத்தில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். எனவே ரத்தம் உடையும் எந்த நோயிலும் ஏறும், லிம்ஃபோமாவிலும் லுகேமியாவிலும் கட்டியின் சுமைக்கேற்ப ஏறும்.

ஆயிரக்கணக்கில் ஏறி எல்லோரையும் கலங்க வைப்பது பெரும்பாலும் வேறொன்று: பி12 குறைவு. சிவப்பணுக் குருத்துகள் வளர முடியாமல் மஜ்ஜைக்குள்ளேயே செத்து விழும், எல்.டி.எச். மேலே போகும், லேசான காமாலையும் தட்டணுக் குறைவும் சேரும். படம் பார்த்தால் லுகேமியா போலவே இருக்கும். ஸ்மியரில் பெரிய முட்டை வடிவச் சிவப்பணுவும், ஐந்தாறு மடல் விட்ட நியூட்ரோஃபிலும் தெரிந்தால், மஜ்ஜை ஊசிக்கு முன் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. சரியாகக் கண்டுபிடித்து ஊசி போட்டால் சில நாளிலேயே எல்.டி.எச். இறங்கத் தொடங்கும், ஒரு வாரத்தில் ரெட்டிகுலோசைட் பொங்கும்.

கெடும் விதங்கள் பல. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, ஸ்பிரிட் உலரும்முன் குத்துவது, ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் பீய்ச்சுவது, குழாயைக் குலுக்குவது, ஐஸ் நேரடியாகக் குழாயில் படுவது. ஒவ்வொன்றிலும் சிவப்பணு உடைந்து சீரம் ரோஸ் நிறமாகும், கூடவே பொட்டாசியமும் ஏறும். உடம்பில் உடைந்ததா, ஊசியில் உடைந்ததா என்று சந்தேகம் வந்தால், சிந்திய ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தைப் பாருங்கள். உடம்பில் உடைந்தால் அது தீர்ந்திருக்கும், ஊசியில் உடைந்தால் இருக்கும். ஊதாக் குழாய் ரத்தத்தை யாராவது சீரத்துக்கான மஞ்சள் மூடிக் குழாயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்: பொட்டாசியம் எகிறி, கால்சியமும் அல்கலைன் பாஸ்படேஸும் ஒன்றாக விழுந்திருக்கும்.

சீரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பது இயல்பு. எல்.டி.எச்.சின் ஐந்து வகைகளில் நான்காவதும் ஐந்தாவதும் குளிரில் சாகும், அன்றே அளக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: இந்த நொதி லாக்டேட்டைப் பைருவேட்டாகவும் பைருவேட்டை லாக்டேட்டாகவும் மாற்றக்கூடியது. லாக்டேட்டிலிருந்து பைருவேட் திசையில் ஓட்டும் முறையும் எதிர்த்திசையில் ஓட்டும் முறையும் ஒரே ரத்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசமான எண்ணைத் தரும். கொல்கத்தாவிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டோடு வேலூரில் சிகிச்சைக்காகக் காட்பாடியில் இறங்குகிறவர்கள், ‘அங்கே 420, இங்கே 210, பாதி குணமாகிவிட்டது’ என்று மகிழ்வதற்கு முன் பக்கத்தில் அச்சிட்ட சாதாரண அளவைப் பார்க்க வேண்டும்.

மஜ்ஜையில் ஒரு நொதி, பிளாஸ்மாவில் ஒரு நொதி

மஜ்ஜை ஊசியில் பிளாஸ்ட் (முதிராத) செல் நிறைய வந்தால், அது மைலாய்டு வகை லுகேமியாவா லிம்ஃபாய்டு வகையா என்பதில் முதல் பிரிப்பு மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி. பிளாஸ்ட்களில் 3 சதவீதமோ அதற்கு மேலோ சாயமேற்றால் மைலாய்டு பக்கம். இதற்குக் கன்ட்ரோல் அதே ஸ்லைடிலேயே இருக்கிறது: முதிர்ந்த நியூட்ரோஃபில். அதுவே வெளுத்திருந்தால் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு செத்த பாட்டில். வெயில் காலத்தில் திறந்த பாட்டிலின் வீரியம் சீக்கிரம் போகும். சாயமேறாதது எல்லாம் லிம்ஃபாய்டு ஆகிவிடாது, மைலாய்டிலும் சில வகைகள் நெகட்டிவ். ஃப்ளோ சைட்டோமெட்ரி அதற்குத்தான்.

அடுத்தது ஆடம்ட்ஸ்13 (ADAMTS13), தட்டணுக்களை ஒட்டவைக்கும் ஒரு புரதத்தை பிளாஸ்மாவில் வெட்டும் நொதி. தட்டணு 30,000-க்குக் கீழே விழுந்து, ஸ்மியரில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரிந்து, எல்.டி.எச். எகிறி, நோயாளி குழம்பிப் பேசினால் டி.டி.பி. (சிறு ரத்தக் குழாய்களில் தட்டணுக் கட்டிகள் அடைக்கும் நோய்) என்று சந்தேகிக்க வேண்டும். ஆடம்ட்ஸ்13 அளவு 10 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அது உறுதி. பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை வருவதற்கு முன் பத்தில் ஒன்பது பேர் இறந்த நோய் இது. இங்கேயும் குழாய்தான் முக்கியம். நீல மூடி சிட்ரேட் குழாயில், கோடு வரை நிரப்பி எடுக்க வேண்டும். இதுவும் துத்தநாகத்தை நம்பிய நொதி, ஊதா மூடியில் செத்துப்போகும். பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன் எடுத்தாக வேண்டும், ஏற்றிவிட்டால் கொடையாளியின் ஆடம்ட்ஸ்13 தான் விடையில் வரும். ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, விடைக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும், ரிப்போர்ட் வர நாட்கள் ஆகலாம்.

ஜவ்வாது மலையிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ பஸ்ஸில் ரத்தம் வரும்போது, ஜி6பிடிக்கான ஊதாக் குழாயைத் துணியில் சுற்றித் தடுப்பூசிப் பெட்டியில், ஐஸ் பேக்கைத் தொடாமல் வைக்க வேண்டும். 4 டிகிரியில் சில நாள் தாங்கும், பஸ் ஜன்னலோரம் பிற்பகல் வெயிலில் தாங்காது, உறைய வைத்தாலும் கெடும். என்.ஏ.பி.க்குக் குழாயே வேண்டாம், அங்கேயே விரலில் குத்தி ஸ்மியர் இழுத்து, குளிர்ந்த கரைசலில் முக்கி, உலர்த்தி, டப்பாவில் அனுப்பலாம். சீட்டில் பெயரும் வயதும் எழுதினால் போதாது. எடுத்த நேரம், கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, கர்ப்பமா என்பது, இப்போதைய காய்ச்சல், சாப்பிடும் மாத்திரைகள், ஸ்டீராய்டு உட்பட, இத்தனையும் வேண்டும்.